பெயர் எழுதாத அச்சு

என் பெரியப்பாவுக்கு முகத்தை வைத்து ஆளை அடையாளம் தெரியாது. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் யாரென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். அதே ஆள் ஒரு கொட்டாவி விட்டால் போதும், "அட, நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். முப்பத்தொரு வருஷமாகப் பல் செட் கட்டியவர். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு மனப்பாடம்.

கடை, பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. மேலே அறுவடை, கீழே நடவு என்று நான் சொல்லுவேன். பெரியப்பா சிரிக்க மாட்டார். தொழிலைக் கேலி பேசினால் அவருக்குப் பிடிக்காது. பெரியம்மா சிரிப்பார்.

செட் கட்டுவது எப்படியென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் தெரியாவிட்டால் பிறகு கோர்ட்டில் நடந்தது புரியாது. ஆளை உட்காரவைத்து, பசை மாதிரி ஒன்றை வாய்க்குள் அமுக்கி அளவு எடுப்பார். அந்தப் பள்ளத்தில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினால் அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும். ஈறு, அண்ணம், மேடு, பள்ளம் எல்லாம் அப்படியே இருக்கும். அதற்குப் பெயர் அச்சு. ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், அவருடைய வாய் கடையில் இருக்கும். அந்த அச்சின் மேல் மெழுகில் பல்லை அடுக்கி, ஆளை மறுபடி வரச்சொல்லி, வாயில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கெட்டி செட் வார்ப்பார்.

கடைச் சுவர் முழுக்கப் பலகை அடுக்கு. அதில் நூற்றுக்கணக்கில் வெள்ளை வாய்கள், மேல்தாடையும் கீழ்த்தாடையும் ரப்பர் வளையத்தில் பிணைத்தபடி. அச்சுக்குப் பெயர் வைப்பது பெரியம்மாவின் வேலை. நீலப் பென்சிலால் அடிப்பக்கத்தில் எழுதுவார். சொந்தப் பெயரை எழுத மாட்டார், ஒரே பெயரில் நாலு பேர் வருகிறார்களாம். அதனால் "சண்டைக்கார வாத்தியார்" என்று ஒன்று இருக்கும். "வாயைத் திறக்கவே மாட்டார்" என்று ஒன்று. "பொய் சொல்லிக் கடன் கேட்டவர்" என்று ஒன்று. பெரியப்பா ஒருநாளும் பென்சிலைத் தொட்டதில்லை. கேட்ட அச்சு பெரியம்மாவிடமிருந்து கைக்கு வந்துவிடும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

வழக்கு நடந்த வருஷத்தின் ஆரம்பத்தில் பெரியம்மாவுக்கு மிச்சமிருந்த ஏழு பல்லையும் மாடி டாக்டர் எடுத்துவிட்டார். ஈறு ஆறியதும், ஆள் வராத ஒரு மத்தியானத்தில், பெரியப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து அளவு எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அச்சு காய்ந்ததும், பெயர் எழுதவில்லையா என்று கேட்டார் பெரியப்பா.

"எதுக்கு? தினம் திட்டு வாங்குற வாயி, உங்களுக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமா?" என்றார் பெரியம்மா.

அச்சு அப்படியே பலகைக்குப் போனது. அங்கேயே இருந்தது. கல்யாண வீட்டுக்காரர், வெளிநாடு போகிறவர், மேடையில் பேசப் போகிறவர் என்று எல்லாருடைய வாயும் அவசரம். வீட்டு வாய்க்கு என்ன அவசரம்? பாலில் ஊறப்போட்ட ரொட்டியும் கஞ்சியுமாகப் பெரியம்மா ஐந்து மாதம் ஓட்டினார். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார். ஒருமுறை நான் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளரின் அச்சை எடுத்து டொக்கு டொக்கென்று தட்டி, "என்னை எப்பய்யா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டேன். மனிதர் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினார். பெரியப்பா என்னை அடிக்கத் துரத்தினார். பெரியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு நினைவிருக்கிற கடைசிச் சிரிப்பு அது.

தன் செட் எப்போது என்று அவர் ஒரே ஒருமுறைதான் கேட்டார். அடுத்த வாரம் என்றார் பெரியப்பா. அடுத்த வாரம் பெரியம்மா இல்லை. காலையில் கடை நாற்காலியில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாடி டாக்டர் இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பல் செட் கட்டுகிறவரின் பெண்டாட்டியாம், பாவம், என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதில் விழுந்தது. அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடையைத் திறந்தார். முதலில் வந்தவர் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிற அம்மா. எத்தனையாவது பிளாட்பாரத்தில் எந்த ஊர் பஸ் நிற்கிறது என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிற குரல் அவருடையது. பெரியப்பா அளவு எடுத்தார், மாவு ஊற்றினார், அச்சைப் பலகையில் வைத்தார். பெயர் எழுத ஆள் இல்லை. எழுத வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. மெழுகில் வைத்துப் பார்க்க அந்த அம்மாவை வரச்சொன்னால் லீவு கிடைக்கவில்லை, நேராகவே வார்த்துக் கொடுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார். பெரியப்பாவும் சரியென்று வார்த்துவிட்டார். அப்படி அவர் செய்ததே இல்லை.

செட் அந்த அம்மா வாயில் நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயரோடு ஒரு விசிலும் சேர்ந்து வர ஆரம்பித்தது. பஸ் நிலையமே சிரித்தது. நான் அதை அப்படியே பேசிக்காட்டி ஒரு வாரம் டீக்கடையில் ஓசி டீ குடித்தேன். இப்போது நினைத்தால் அந்த டீ தொண்டையில் நிற்கிறது.

மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் பெரியப்பா இங்கே ராவி அங்கே ராவிக் கொடுத்தார். மூன்றாம் தடவை வாய் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"என் வாய்க்கு அறுபது வருஷப் பழக்கம் இருக்குங்க. உங்க செட்டுக்குத்தான் பழக்கம் பத்தல."

"முப்பத்தொரு வருஷத்துல என் கையில இருந்து போன ஒரு செட்டும் திரும்பி வந்ததில்லம்மா."

"இப்ப வந்திருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

பத்தாம் நாள் சின்னக் கோர்ட்டிலிருந்து தபால். சிறுவழக்கு நீதிமன்றம் என்று மேலே அச்சடித்திருந்தது. பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, வெளியூரிலிருந்து கிளம்பி வந்தாள். அம்மா போனதிலிருந்தே அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். பணத்தைக் கொடுத்துச் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாமே என்றாள். அவர் மசியவில்லை.

"அப்பா, அம்மா போனதுல உங்க கை போயிடுச்சு. எல்லாரும் சொல்றாங்க. நான் சொன்னா மட்டும் கோபம் வருது" என்றாள் அக்கா.

 கோர்ட்டே சொல்லட்டும் என்றார் பெரியப்பா. கை போய்விட்டதென்று கோர்ட் சொன்னால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு வருவதாகவும், இல்லையென்றால் அந்தப் பேச்சையே அவள் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அக்கா ஒப்புக்கொண்டாள். அழுதுகொண்டேதான் ஒப்புக்கொண்டாள்.

சின்னக் கோர்ட்டுக்கு வக்கீல் தேவையில்லை. வழக்குப் போடுகிறவர் ஒரு பக்கப் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். யார் மேல், என்ன நடந்தது, என்ன வேண்டும். எதிராளிக்குத் தபால் வரும். அவர் பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் வராவிட்டாலும் வழக்கு அவரில்லாமலே முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மூன்று நகல். பதில் எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவள், அனுபவசாலி. பெரியப்பா கோபத்தில் நாலு பக்கத்துக்குச் சொன்னார். படிவத்தில் நாலு அங்குலம்தான் இடம். நான் சுருக்கி எழுதினேன்: "செட் சரி. வாய்தான் தப்பு." படித்துப் பார்த்து, நறுக்கென்று இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

கோர்ட் என்றதும் நான் பெரிய தூணெல்லாம் எதிர்பார்த்துப் போனேன். பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீசுக்கு மேல்மாடி அது. டோக்கன் எடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் செத்துப்போன மிக்சியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். ஒரு பெண் சாயம் போன சட்டையை விரித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே வருகிற எல்லாரும் வருத்தத்தை ஒரு பையில் போட்டு எடுத்து வருகிறார்கள். எங்கள் பையில் அச்சு இருந்தது. கிளம்பும்போது பெரியப்பா பலகையைப் பார்த்தார். பெயர் இல்லாததைத் தேடிக் கை வைத்தார், எடுத்தார், துணியில் சுற்றினார்.

உள்ளே கூப்பிடும் முன்பு சமரசத்துக்கு இருபது நிமிஷம் உண்டு. நடைபாதையில் ஒரு மேஜை போட்டு, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பார். பஸ் நிலைய அம்மா ரொம்ப நியாயமாகப் பேசினார். மறுபடி அளவு எடுத்துப் புது செட் கட்டிக் கொடுத்தால் வழக்கை விட்டுவிடுவதாகச் சொன்னார். அக்கா அப்பாவின் முழங்கையை இடித்தாள். பெரியப்பா மாட்டேன் என்றார். மறுபடி அளவு எடுத்தால் முதல் அளவு தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமாம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சமரசம் இல்லை என்று எழுதினார்.

நீதிபதி அம்மா சாதாரண உடையில் சாதாரண மேஜையில் இருந்தார். சுத்தியல் கித்தியல் ஒன்றும் இல்லை. எங்கள் பதிலைப் படித்துவிட்டுப் பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதலில் வழக்குப் போட்டவர் பேச வேண்டும். பஸ் நிலைய அம்மா செட்டை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னார். அதை மாட்டிக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்காட்ட முடியுமா என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மா மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, ஒலிபெருக்கி முன்னால் நிற்பது போல ஆரம்பித்தார். முதல் பஸ்ஸுக்கு விசில் வந்தது. இரண்டாவது பஸ்ஸுக்குக் கன்னம் ஒருபக்கம் கோணியது. மூன்றாவது பஸ் கிளம்புவதற்குள் மேல் செட் நழுவிவிட்டது. கையை முன்பே குவித்து வைத்திருந்தார், பழகிய கை, அதில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் குனிந்துகொண்டேன்.

பிறகு பெரியப்பா. பையைத் திறந்தார், துணியைப் பிரித்தார்.

"இது இவங்க வாயிம்மா. இதுல நிக்கலன்னா தப்பு என்னோடது" என்று சொல்லி, செட்டைக் கழுவி வாங்கி, அச்சின் மேல் வைத்தார்.

டக்கென்று உட்கார்ந்தது. கவிழ்த்துக் காட்டினார், விழவில்லை. நீதிபதி தானே வாங்கி உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அந்த அறையில் இருந்த யாருக்கும் பல் தொழில் தெரியாது, ஆனாலும் அது எவ்வளவு நேர்த்தியான வேலை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா முகத்தில்கூட ஒரு பெருமை. அளவு எடுத்த பிறகு ஈறு சுருங்குவது உண்டா என்று நீதிபதி கேட்டார். உண்டு என்றார் பெரியப்பா. பஸ் நிலைய அம்மா வாயைப் பொத்தியபடி உட்கார்ந்துவிட்டார். நீதிபதி பேனாவை எடுத்தார். கடை பிழைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

எழுதப் போனவர், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார்.

"இதுல பேர் ஒண்ணும் எழுதலையே. இவங்களோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எங்க கடையில எல்லாத்துலயும் எழுதியிருக்கும்மா. எழுதறது வீட்ல அவதான், இது அவ போனப்புறம்..." என்று செட்டைக் கழற்றி அச்சைத் திருப்பினார் பெரியப்பா.

அவருடைய கட்டைவிரல் தானாக அண்ணத்துப் பள்ளத்துக்குள் போனது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. முன்னும் பின்னும் போய் மறுபடி அங்கேயே நின்றது. அந்த இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு. அளவு எடுத்த அன்றைக்கே அவர் அதைச் சொல்லிக் கேலி செய்திருந்தார், வாய்க்குள்ளேயும் முட்டியை மடக்கி வைத்திருக்கிறாள் பார் என்று. என் காதிலும் விழுந்தது.

நாற்காலியை நகர்த்திவிட்டுப் பஸ் நிலைய அம்மாவிடம் போனார்.

"கொஞ்சம் வாயைத் திறங்கம்மா."

அந்த அம்மா நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். திறந்தார். பெரியப்பா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கே மேடு இல்லை.

"இது இவங்க வாயி இல்லம்மா" என்றார் நிமிர்ந்து.

"பின்ன யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

அக்கா எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். நீதிபதி பேனாவை மூடினார்.  பிறகு, சட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வியா என்று தெரியவில்லை, மெதுவாகக் கேட்டார்: "கட்டும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"கைக்குத் தெரிஞ்சிருக்கும்மா. அவ போனப்புறம் எந்த வேலையும் ஓடல. இந்த ஒரு செட்டுதான் சந்தோஷமாக் கட்டினேன். ஏன்னு எனக்கே தெரியல அப்ப."

தீர்ப்பு அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வழக்குப் போட்டவர் சம்மதித்தால் முப்பது நாளுக்குள் அவருடைய சொந்த அளவில் புது செட். எது வேண்டும் என்று கேட்டார்கள். பஸ் நிலைய அம்மா பெரியப்பாவைப் பார்த்து, "எனக்கு உங்க கையாலதாங்க வேணும்" என்றார்.

எழுத்தர் ஒட்டுச்சீட்டோடு வந்தார். சாட்சிப் பொருளை மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, முப்பது நாள், கோர்ட்டில்தான் வைப்பார்களாம். அச்சும் செட்டும். எடுத்துப் போகக் கூடாதா என்று பெரியப்பா கேட்டார். விதி அப்படி என்றார் எழுத்தர், அதட்டாமல்தான் சொன்னார். சீட்டில் ஒரு பெயர் எழுத வேண்டும், யார் பெயர் என்றார். பெரியப்பா சொன்னார்.  எழுத்தர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார். எழுத்தர் எழுதி, அச்சின் அடியில் ஒட்டி, இரும்பு அலமாரியில் மிக்சிக்கும் சாயம் போன சட்டைக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

படியிறங்கும்போது நான் சொன்னேன், கை போகவில்லை என்றுதானே கோர்ட்டில் தெரிந்தது, உலுக்கினாலும் விழவில்லையே, கடையை எதற்கு மூட வேண்டும் என்று. அக்காவும் சொன்னாள். இனி அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன், அப்பா இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

"கை சரிதான்டி. பக்கத்துல பேர் எழுத ஆளில்லையே" என்றார் பெரியப்பா.

அந்த முப்பது நாளில் ஒரே ஒரு செட்தான் கட்டினார். பஸ் நிலைய அம்மாவுக்கு மறுபடி அளவு எடுத்தார். அச்சு காய்ந்ததும் நீலப் பென்சிலை என் பக்கம் தள்ளினார். நான் "மூணாவது பிளாட்பாரம்" என்று எழுதினேன். இந்தத் தடவை அந்த அம்மா லீவு போட்டு வந்து மெழுகில் பார்த்துவிட்டுப் போனார். செட் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் பலகையிலிருந்த வாய்களையெல்லாம் மாவுச் சாக்கில் போட்டுக் கட்டினோம். சண்டைக்கார வாத்தியார் அச்சை மட்டும் நான் சுட்டுக்கொண்டேன். பெரியம்மா கையெழுத்து அதில்தான் அழகாக இருந்தது.

முப்பத்தொன்றாம் நாள், பெரியப்பா அக்கா ஊருக்குக் கிளம்புகிற வழியில் கோர்ட்டுக்குப் போனோம். எழுத்தர் பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம், பெரியப்பா நடுவில், நான் ஏற்றிவிட வந்தவள், பஸ் கிளம்பும்வரை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் எங்கள் பஸ்ஸைச் சொன்னார்கள். விசில் இல்லை. அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். பெரியப்பாவுக்கு அந்த அறிவிப்பு காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பெட்டியைத் திறந்து செட்டை அச்சின் மேல் வைத்து, மேலும் கீழும் சேர்த்து மெதுவாக ஒரு கடி கடிக்கவைத்துப் பார்த்தார். காதோரம் வைத்து மறுபடி ஒரு கடி. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, பின்பல் ஒன்றை ரொம்ப மெல்ல ராவ ஆரம்பித்தார்.

"எதுக்குப் பெரியப்பா?" என்றேன்.

"இந்த ஓரம் கொஞ்சம் உரசும்டி, அவளுக்கு" என்றார்.